கயல்விழியும் கயல்விலியும்

1

நாங்கள் நாடு திரும்பி மூன்று வருடம் முடிந்த நாளை நாங்களே மறந்துபோயிருந்தோம். ஓர் அலுவலகம் மறக்கவில்லை. காலை பத்து மணிவாக்கில், மழைக்கோட்டும் கையில் கோப்புமாக ஓர் இளம்பெண் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றாள்.

"செல்வம் அண்ணன் வீடு இதுதானுங்களா? நலம் விசாரிக்க வந்திருக்கேன்."

என் மனைவி சாந்தி பதறிப்போய் வெளியே வந்தாள். "யாருக்கும் ஒண்ணுமில்லையே தங்கச்சி. எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

"அதைத்தான் அக்கா எழுதிட்டுப் போகணும்" என்று அவள் கோப்பைத் திறந்தாள்.

அவள் பெயர் தர்ஷனி. பதுளைக்காரி. இந்தியாவில் அகதிகளாக இருந்து இலங்கைக்குத் திரும்பியவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கண்டறிவதற்காக அவளுக்குப் பதினான்கு பக்கப் படிவம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நமுனுகுல மலைக்குக் கீழே பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து வந்திருந்தாள். காலில் இரண்டு அட்டை. சாந்தி உப்பு வைத்து அவற்றை எடுத்துவிட்ட பிறகுதான் விசாரணை தொடங்கியது.

நாங்கள் இருந்த திருவண்ணாமலைப் பக்கத்து முகாமில் இன்னும் இருக்கும் நீங்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்: "அங்க எப்படிண்ணே இருக்கு? திரும்பி வர நாங்களும் எழுதிக் குடுத்திடட்டுமா?" போனில் நான் "நல்லாயிருக்கு" என்பேன். அதில் சொல்லாமல் விட்டதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

"எத்தனை வருஷத்துக்குப் பிறகு தாய்நாடு திரும்பினீங்க?" என்று கேட்டாள் தர்ஷனி.

நான் நாற்பது என்றேன். ஆறு வயதில் என்னை அம்மா இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துப் படகேறினாள். சாந்தி அதே முகாமில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இங்கிருந்து போனவர்கள். அவள் எங்கிருந்தும் போகவில்லை.

"நான் திரும்பல தங்கச்சி. மொத தடவையா வந்திருக்கேன்."

தர்ஷனி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "திரும்பியவர்னு மட்டும்தான் அக்கா இருக்கு."

"அப்ப திரும்பிட்டேன்னே போட்டுக்க. பாவம், நீ மழைல வந்திருக்க."

கடைசிப் பக்கத்தில் ஐந்து முகங்கள் வரிசையாக இருந்தன. முதலாவது அழுதது, ஐந்தாவது பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. நாங்கள் எந்த முகம் என்று காட்டவேண்டும். நான் யோசித்தேன். சாந்தி யோசிக்கவில்லை. நான்காவதைத் தொட்டாள்.

"ஏன்டி நாலாவது?"

"அஞ்சாவதக் காட்டினா பொய்யின்னு தெரிஞ்சிரும். மூணாவதக் காட்டினா ஏன்னு கேட்டு இன்னொரு ஃபார்ம் கொண்டுவருவாங்க."

கடைசியில் 'இதர' என்று ஒரு கோடு இருந்தது. அதில் எழுதச் சொல்லி நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன். எங்கள் மகளுக்கு இன்னும் அடையாள அட்டை கிடைக்கவில்லை. தர்ஷனி பேனாவை எடுத்தாள். கோடு சின்னதாக இருந்ததால் 'மகள் – அட்டை' என்று மட்டும் எழுதினாள். படிக்கிறவர்கள் மகளுக்கு அட்டை கடித்துவிட்டது என்று நினைக்காமல் இருக்கவேண்டுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

2

இங்கே வந்த முதல் வாரத்தில் ஒருநாள் விடிகாலை தப்பு அடிக்கும் சத்தம் கேட்டது. எங்களுக்குத் தன் லய வீட்டில் பாதியை விட்டுக்கொடுத்திருக்கும் பெரியப்பா மகன் முருகையா அண்ணன் எழுந்து முகம் கழுவினார்.

"என்னண்ணே சத்தம்?"

"பெரட்டுக்கு நேரமாச்சி தம்பி. ஆளுங்கள எண்ணி, பேர் வாசிச்சி, வேலைக்கு அனுப்புவாங்க."

நான் சட்டென்று எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றுவிட்டேன். முகாமில் அதிகாரி எண்ண வரும் நாளில், காய்ச்சலாக இருந்தாலும் போய் வரிசையில் நிற்பது உங்களுக்குத் தெரியும். நாற்பது வருடப் பழக்கம். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒன்ன யாரு எண்ணப் போறா? ஒன் பேரு தோட்டத்துச் செக்ரோல் லிஸ்டுலயே இல்லையே."

நியாயப்படி அந்த வார்த்தை எனக்குச் சந்தோஷம் தந்திருக்கவேண்டும். யாரும் எண்ணாத இடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் அன்று பகல் முழுக்க எதையோ தொலைத்தவன் மாதிரி லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அங்கே நான் சிலோன்காரன். பெயின்ட் வேலைக்குப் போகும் இடமெல்லாம் "சிலோன்காரர் நல்லா பட்டி பார்ப்பாரு" என்பார்கள். இங்கே நான் இந்தியாக்காரன். எல்ல என்கிற மலையூரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். "அந்த இந்தியாக்காரரக் கூப்பிடுங்க, சுத்தமா செய்வாரு" என்கிறார்கள். இரண்டு நாட்டிலும் என் வேலையைப் பற்றி நல்ல பெயர்தான். என்னைப் பற்றித்தான் குழப்பம்.

பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை. லயத்தில் இருப்பவர்களும் நம்மைப் போல "போறேங்க, வாறேங்க" என்றுதான் பேசுகிறார்கள். வித்தியாசம் என் வீட்டுக்குள்தான் முளைத்தது. மகளுக்கு இங்கே வரும்போது பதின்மூன்று வயது. பண்டாரவளையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். ஆனால் பஸ்ஸில் கூட வரும் சிங்களப் பிள்ளைகளோடு பழகி, ஒரே வருடத்தில் சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிக் குடித்துவிட்டாள். ஒருநாள் போனில் சிநேகிதியிடம் "மகே தாத்தா, மகே தாத்தா" என்று ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகாமில் செத்துப்போன என் அப்பாவை இந்தப் பிள்ளை இவ்வளவு நினைத்துக்கொண்டிருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போனை வைத்ததும், "தாத்தாவப் பத்தி என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"ஐயோ அப்பா, சிங்களத்துல மகே தாத்தான்னா என் அப்பா. ஒங்களப் பத்தித்தான் சொன்னேன்."

"என்னப் பத்தி என்ன சொன்ன?"

"பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட 'பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட்'னு முழுசா தமிழ்ல கேட்டுட்டு, அவரு திரும்பிப் பாக்கலன்னு இன்னும் சத்தமா அதையே கேட்டீங்களே, அதைச் சொன்னேன்."

3

அவளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தவன் நான். முகாமில் எங்கள் பக்கத்துத் தமிழாசிரியர் நான்கு பெயர் எழுதிக் கொடுத்தார். அதில் அழகானதை எடுத்தேன். சிங்களத்தில் 'ழ' இல்லை என்பது அப்போது என் யோசனையில் இல்லை. சொல்லப்போனால் சிங்களமே என் யோசனையில் இல்லை.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் அவள் கயல்விழி. நாடு திரும்பும்போது, சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவளை இலங்கைக் குடிமகளாகப் பதிவு செய்த பத்திரத்தில், யாரோ ஒருவர் சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் நாக்குக்கு வந்தபடி கயல்விலி என்று எழுதிவிட்டார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே பிழை. மூன்று மொழியும் ஒற்றுமையாக இருந்ததை இந்த ஒரு காரியத்தில்தான் பார்த்தேன்.

பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். அங்கே பத்தாவது மாதிரி இங்கே இருக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு இரண்டு பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பதுளையில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

"இது ரெண்டு பேராம் அப்பா."

"ரெண்டு பேரா? நீ ஒருத்திதானே நிக்கிற? காட்டு அவருக்கு."

அவள் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து மேசையில் இருந்த தமிழ் அக்கா ஒருவர் இரக்கப்பட்டுத் தலையிட்டார். "கயல்விழின்னு ஒரு புள்ள இந்தியால பொறந்திருக்குங்க. கயல்விலின்னு ஒரு புள்ள இங்க பிரஜையா பதிஞ்சிருக்கு. பொறந்தவ பிரஜையில்ல. பிரஜை எங்க பொறந்தான்னு தெரியல. சென்னையிலிருந்து ஒரு கடிதம் வாங்குங்க."

சென்னைக்கு எழுதினேன். பெயர்த் திருத்தத்தை உங்கள் மாவட்டத்திலேயே செய்துகொள்ளலாம் என்று மரியாதையான பதில் வந்தது. அதைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். சென்னையில்தான் செய்யவேண்டும் என்று அதைவிட மரியாதையாகச் சொன்னார்கள். எட்டு மாதம் அவர்கள் இருவருடைய மரியாதைக்கும் நடுவே நான் பஸ்ஸில் போய்வந்தேன்.

பிறகு அந்த அக்காவே இன்னொரு வழி சொன்னார்: சத்தியக் கடதாசி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அரசாங்க முத்திரை வைத்திருக்கும் ஊர்ப் பெரியவரான சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்து வாங்கவேண்டும்.

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் சமாதான நீதவான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் வந்தாராம். நாங்கள் போனபோது ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நடுவே எங்கள் கடதாசியை வாசித்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நீங்க சத்தியம் பண்றீங்க."

"ஆமாங்க."

"புள்ளயக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"இந்தா நிக்கிறாளுங்க."

மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒருத்திதான்" என்று தீர்ப்புச் சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார். எனக்கு அப்படியொரு நிம்மதி. இந்த நாட்டில் என் மகளை நேரில் பார்த்துவிட்டு முடிவு எடுத்த முதல் அதிகாரி அவர்தான்.

அந்தக் கடதாசி அலுவலகத்துக்குள் போய், மேலே போய், அங்கேயே தங்கிவிட்டது. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. கயல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள்.

"எழுத விடமாட்டாங்கன்னா எதுக்கு அப்பா படிக்கணும்?" என்று ஒருநாள் கேட்டாள். "அங்கயே இருந்திருந்தா இந்நேரம் பத்தாவது எழுதி முடிச்சிருப்பேன்."

திரும்பி வரும் முடிவை எடுத்தவனும் நான்தான்.

4

தர்ஷனி மறுபடி வந்தாள். இந்த முறை படிவம் இல்லை, அழைப்பிதழ். எல்லவில் ஒரு விடுதியில், நாடு திரும்பியவர்களின் நல்வாழ்வு பற்றிக் கலந்துரையாடல். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். சாந்தி நான்கு வரி பேசவேண்டும்.

"நான் எதுக்கு? அவரு பேசட்டும்" என்றாள் சாந்தி.

"பொம்பளைங்க பேசினா நல்லதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா." பிறகு தர்ஷனி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, கயலோட ஃபைல் யாருகிட்ட கெடக்குதோ அந்த ஆபீசர் சேர் அன்னைக்கு மேடையில இருப்பாரு. அதனாலதான் ஒங்க பேரைப் போட்டேன். நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

படிவத்தில் அந்தச் சின்னக் கோட்டில் எழுதியதை அவள் மறக்கவில்லை. இதுவரை சொன்னதில் அலுவலகத்தார் எல்லாரையும் கிண்டல் செய்துவிட்டேன். இந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

விடுதிக்குப் போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானே ஆறு மாதத்துக்கு முன் பெயின்ட் அடித்த இடம். ஒரு காலத்தில் அது லயம். இடைச் சுவர்களை இடிக்காமல் அப்படியே வைத்து, ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு பெரிய கட்டிலைப் போட்டு, கட்டிலில் பூ தூவியிருந்தார்கள். சுவரில் கரி படிந்த மாதிரி அடிக்கச் சொல்லி என்னிடம் கேட்டு வாங்கினார்கள். எங்கள் லயத்தில் கரியை மறைக்கத்தான் நான் வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கிறேன். இங்கே ஓர் இரவு தங்குவதற்காக வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வருகிறார்கள். நாங்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். எங்களுக்குப் பூ தூவ மட்டும் ஆளில்லை.

மேடையில் அந்த அதிகாரி இருந்தார். தலை நரைத்த, சிரித்த முகம். தாய்நாட்டின் மடி உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் கோட்டுப் போட்டவர், நல்ல குரல்வளம். மடியை அவர் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தமிழில் திறந்து வைத்தார்.

பிறகு சாந்தியை அழைத்தார்கள். கையில் எழுதிக்கொடுத்த நான்கு வரி இருந்தது. 'நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம். எங்களுக்கு வீடும் தொழிலும் உண்டு. எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அனைவருக்கும் நன்றி.' முதல் இரண்டு வரியை வாசித்தாள். மூன்றாவதில் நின்றாள். தாளை மடித்தாள்.

"புள்ளைங்க படிக்கிறாங்கதான்" என்றாள். "ஆனா பரீட்ச எழுத முடியாதுங்க. என் மகளுக்கு அட்டை இல்ல. ஒரு வருஷமா அவ ஒருத்தியா ரெண்டு பேரான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. நாங்க அகதியா இருந்தப்போ அகதின்னு ஒரு கடதாசியாவது கையில இருந்துச்சு. சொந்த நாட்டுக்கு வந்த பொறகு அதுவும் இல்ல. எங்களக் கேக்குறீங்க, நல்லாயிருக்கீங்களான்னு. எங்க புள்ள இருக்குதுன்னு மொதல்ல எழுதிக் குடுங்க. நல்லாயிருக்காளான்னு அப்புறம் பாக்கலாம்."

சாந்தி நான்கு பேருக்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிங்களத்தில் அழகாக இரண்டு வாக்கியம் சொன்னார். அதிகாரி முகம் மலர்ந்து தலையாட்டினார். வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அம்மா எஹெம கிவ்வே நே!"

கயல் எழுந்து நின்றாள். அம்மா அப்படிச் சொல்லவில்லை என்கிறாள். அந்த அளவு சிங்களம் எனக்கே புரிந்தது. அதற்கு மேல் அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் நாற்காலியின் முதுகை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள். நடுநடுவே 'அம்மா', பரீட்சைக்கு அவர்கள் சொல்லும் 'விபாகய', 'தாத்தா' என்று காதில் விழுந்தது. இந்த முறை தாத்தா யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சிங்களம், அப்படி மளமளவென்று வந்து விழுந்தது.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. மொழிபெயர்ப்பாளரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கயலைப் பக்கத்தில் கூப்பிட்டார். நாங்களும் போனோம்.

"துவகே நம மொகத்த?" என்று மகளின் பெயரைக் கேட்டார்.

"கயல்விழி."

"கயல்... வி... லி." இன்னொரு முறை முயன்றார். நாக்கை மடித்துப் பார்த்தார். மனிதர் உண்மையிலேயே கஷ்டப்பட்டார். பிறகு சிங்களத்தில் மெதுவாக எதையோ விளக்கினார். கயல் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"பேரத் திருத்தணும்னா கொழும்புக்குப் போய் வர ஒரு வருஷம் ஆகுமாம். திருத்தாம, இங்க பதிஞ்ச பேரே போதும்னு எழுதிக் குடுத்தா, இந்தக் கிழமையே முடிச்சித் தாறாராம்."

"அப்படின்னா?"

"இனிமே எல்லாத்துலயும் கயல்விலி."

"அதுக்கு அர்த்தமே இல்லையேம்மா" என்றேன்.

"கயல்விழிக்குப் பரீட்ச இல்லையேப்பா" என்றாள்.

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் விடுதிச் சுவரில் நானே அடித்த கரியைப் பார்த்தேன். கயல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதிகாரியின் பேனாவை வாங்கி, அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அவர் சொன்னபடியே அந்த வாரத்துக்குள் அட்டையை முடித்துக் கொடுத்தார். அதையும் சொல்லவேண்டும்.

5

பரீட்சை முதல் நாள் நானும் அவளுடன் பண்டாரவளைக்குப் போனேன். உள்ளே போகும்போது அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாளா என்று மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்கும்போது அவள் போய்விட்டிருந்தாள். மரக்கறிக் கடைகளுக்கு எதிரே மதில் ஓரமாக மற்றப் பெற்றோர்களோடு நின்றேன். யாரும் என்னை இந்தியாக்காரனா என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வரும்போது அவள் முகம் தெளிவாக இருந்தது. பேப்பர் லேசு என்றாள். பஸ்ஸுக்கு நடந்தோம்.

"உள்ள அட்டையப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தமிழ் ஆளு. அட்டைய எடுத்துப் பாத்துட்டு, 'பேர்ல எழுத்துப் பிழ இருக்கேம்மா. கயல்விழிதானே?'ன்னு கேட்டாங்க."

நான் நின்றுவிட்டேன். மூன்று வருடத்தில் ஒரே ஓர் ஆள் சரியாகக் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"'இல்ல மிஸ், சரியாத்தான் இருக்கு'ன்னு சொன்னேன்."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி எனக்கு இடம் பிடித்தாள்.